ஜெயித்த அன்றைக்குக் குறை சொல்லலாமா?

அன்புள்ள அண்ணா,

நான் பினாங்கில், பிறை என்கிற ஊரில் இருக்கிறேன். எங்கள் தாமான் (குடியிருப்பு) காற்பந்துக் குழுவில் நான் ஆட்டக்காரன் இல்லை, தண்ணீர் போத்தல் தூக்குகிற ஆதரவாளன். மாவட்ட லீக்கில் தொடர்ந்து 4 ஆட்டம் தோற்ற பிறகு போன ஞாயிறு 2-0 என்று ஜெயித்தோம். இரண்டு கோலும் முதல் பாதியில். இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில் எதிரணியில் ஒருவர் சிவப்பு அட்டை வாங்கி வெளியே போனார். ஆட்டம் முடிந்ததும் வழக்கம்போல மாமாக் (தமிழ் முஸ்லிம்) சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். இனி நம்மை அசைக்க முடியாது என்றார் ஒருவர். எல்லாம் பயிற்றுநரின் கைவண்ணம் என்றார் இன்னொருவர். நான் மட்டும், "கடைசி இருபது நிமிஷம் பந்து நம்மகிட்ட இல்லவே இல்லையே, ரெண்டு தடவை கோல் கம்பம்தானே காப்பாத்துச்சு" என்றேன். அவ்வளவுதான். "ஜெயிச்ச அன்னைக்கும் உனக்குக் குத்தம்தானா?" என்று மேசையே என் மேல் பாய்ந்தது. என் தே தாரிக்குக்கு (ஆற்றிய பால் தேநீர்) நானே காசு கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். நான் சொன்னது தப்பா? குழு தேறுகிறதா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வது?

குணா

அன்புள்ள குணா,

சொன்னது தப்பில்லை, சொன்ன நேரம் கொஞ்சம் தப்பு. நாலு ஞாயிறு தலையைத் தொங்கப்போட்டு வீட்டுக்குப் போனவர்கள். ரொட்டி சானாய் மேசைக்கு வருவதற்குள் கம்பத்தில் பட்ட பந்தைப் பற்றிப் பேசினால் பாயத்தான் செய்வார்கள். திங்கட்கிழமை சொல்லியிருக்கலாம்.

ஆனால் சொல்லியே ஆக வேண்டும். தோற்ற அன்று யாரும் ஆட்டத்தைப் பேசுவதில்லை, ஆளைத்தான் பேசுவார்கள். எவன் பந்தைக் கோட்டைவிட்டான், யாரைப் பயிற்றுநர் செல்லம் கொடுத்து வைத்திருக்கிறார், ரெபரிக்குக் கண் தெரியுமா. அந்தக் கூச்சலில் இடது பக்கத் தற்காப்பு ஆட்டக்காரன் ஏன் தன் இடத்தில் இல்லை என்று கேட்டால், அந்தப் பையனின் அம்மாவரைக்கும் பேச்சு போய்விடும். ஜெயித்த வாரத்தில் அதே கேள்வியைக் கேட்டால் அந்தப் பையனே உட்கார்ந்து பதில் சொல்வான்.

என் அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர், வானொலியில் ஆட்டம் கேட்டே வளர்ந்தவர். 1980இல் மெர்டேக்கா அரங்கில் தென் கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றோம். (போகவில்லை. புறக்கணிப்பில் மலேசியாவும் சேர்ந்துகொண்டது. அது தனி வயிற்றெரிச்சல்.) அந்த ஆட்டம் என்றால் எல்லாரும் ஜேம்ஸ் வோங் அடித்த கோலைச் சொல்வார்கள். அப்பா கோல்கீப்பர் ஆர். ஆறுமுகத்திலிருந்துதான் ஆரம்பிப்பார். அந்த நீண்ட கைகளுக்குத்தான் 'ஸ்பைடர்மேன்' என்று பெயர். "கீப்பருக்கு எவ்வளவு வேலை வந்துச்சுன்னு முதல்ல பாரு, கோலை அப்புறம் எண்ணிக்கலாம்" என்பார். சின்ன வயதில் எனக்கு இது எரிச்சலாக இருக்கும். உங்கள் மேசைக்கு நீங்கள் எப்படி இருந்தீர்களோ, அப்படி.

அப்பா சொன்னதை நானும் கேட்டேனா என்றால், இல்லை. 2016 பிப்ரவரியில் சிட்டி ஸ்டேடியத்தில் பினாங்கு பஹாங்கை 4-1 என்று வென்றது. பினாங்கு ஆட்டக்காரர் ஃபைஸ் சுப்ரி அந்த ஃப்ரீ கிக்கை அடித்தது அன்றுதான். பந்து ஒரு பக்கம் கிளம்பி, நடுவானில் மனம் மாறியதுபோல வளைந்து மேல் மூலையில் விழுந்ததே, அது. நான் அங்கே இருந்தேன். "ஹரியா பினாங்கு" என்று கத்திக் கத்தி மறுநாள் குரலே வரவில்லை. 2017 ஜனவரியில் அந்த கோலுக்கு ஃபீஃபாவின் புஸ்காஸ் விருது, அதாவது ஆண்டின் சிறந்த கோலுக்கான விருது, கிடைத்தது. ஆசியாவிலிருந்து அதை வாங்கிய முதல் ஆள் நம் ஆள். அதே 2017இல் பினாங்கு சூப்பர் லீக்கில் கடைசி இடத்தில் முடித்துக் கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. அந்த ஒரு உதையால் இறங்கியது என்று சொல்ல வரவில்லை. அந்த 4-1இல் மற்ற மூன்று கோல் எப்படி விழுந்தன, பஹாங்குக்கு ஒன்றை எப்படிக் கொடுத்தோம் என்று இப்போது கேட்டால் எனக்குத் தெரியாது. மறந்துவிட்டது என்றுகூடச் சொல்ல முடியாது. அன்றைக்கே பார்க்கவில்லை.

சரி, உங்கள் ஆட்டத்துக்கு வருகிறேன். சிவப்பு அட்டையைப் போகிற போக்கில் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு உறுத்தியது அந்த வரிதான். பதினோரு பேர் பத்துப் பேரிடம் இருபது நிமிஷம் பந்தைப் பறிகொடுத்துவிட்டு நின்றிருக்கிறார்கள். முன்னிலையில் இருக்கும்போது பின்வாங்கி நிற்பது குற்றமில்லை, எல்லாக் குழுவும் செய்வதுதான். வேண்டுமென்று பின்வாங்கினார்களா, தள்ளப்பட்டுப் பின்வாங்கினார்களா என்பதுதான் கேள்வி.

அதைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, பந்து நம் காலுக்கு வந்ததும் போகிற முதல் உதையைப் பார்ப்பது. நம் சட்டை போட்டவனிடம் போகிறதா, திடலுக்கு வெளியே நிற்கிற மோட்டார் சைக்கிள்களுக்குப் போகிறதா? மோட்டார் சைக்கிளுக்குப் போனால் அது பத்து விநாடியில் எறிபந்தாகத் திரும்பி வரும். திரும்பத் திரும்ப வந்தால் கால் தளரும், கால் தளர்ந்தால் கம்பம்தான் காப்பாற்ற வேண்டும்.

நாங்கள் கூடுகிற ஒட்டுக்கடையில் ஒரு பெரியவர் இதை மேசையிலேயே காட்டுவார். நாலு தே ஓ (பால் இல்லாத தேநீர்) கிளாஸ் நம் பின்வரிசை. அதற்கு முன்னால் உப்பு டப்பா, மிளகு டப்பா, நடுத்திடல். சாம்பல் தட்டுதான் நம் ஸ்ட்ரைக்கர். கிளாஸ்களை மேசை விளிம்புவரைக்கும் இழுத்துவிட்டு சாம்பல் தட்டைத் தொடாமல் விடுவார். "நடுவுல எவ்வளவு இடம் கிடக்கு பாரு, லாரியே திருப்பலாம்!" உங்கள் குழுவிலும் அப்படி ஒரு இடம் விழுந்திருக்கும் என்று நினைக்கிறேன். பின்வரிசை இறங்கியிருக்கும், முன்னால் நிற்கிறவன் இறங்கியிருக்க மாட்டான். அடுத்த ஞாயிறு பந்தை விட்டுவிட்டு அவனை மட்டும் பத்து நிமிஷம் பாருங்கள்.

இதையே சரியாகச் செய்ததையும் நாம் பார்த்திருக்கிறோம். 2010 சுசூகி கிண்ணம், தென்கிழக்காசிய நாடுகளின் காற்பந்துப் போட்டி. டிசம்பர் 1ஆம் தேதி ஜகார்த்தாவில் இந்தோனேசியா நம்மை 5-1 என்று துவைத்துத் தொங்கப்போட்டது. 25 நாள் கழித்து, இரண்டு ஆட்டமாக நடக்கும் இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில், கோலாலம்பூர் புக்கிட் ஜாலிலில் பயிற்றுநர் கே. ராஜகோபாலின் அதே குழு அதே இந்தோனேசியாவை 3-0 என்று வென்றது. எல்லாரும் பேசுவது அந்த 3-0ஐ. எனக்குப் பிடித்தது 29ஆம் தேதி ஜகார்த்தாவில் 2-1 என்று தோற்ற ஆட்டம். மூன்று கோலைக் கையில் வைத்துக்கொண்டு போனார்கள். கோல்கீப்பர் கைருல் ஃபாமி ஒரு பெனால்டியைப் பிடித்துக் காப்பாற்றினார். இரண்டாம் பாதியில் சாஃபி சாலி அங்கேயும் ஒரு கோல் போட்டார். பின்வாங்கி நின்ற குழுதான், ஆனால் முன்னால் ஓட ஆள் வைத்திருந்தது. அன்று தோற்றாலும் இரண்டு ஆட்டத்தையும் கூட்டினால் 4-2, கோப்பையோடு வந்தார்கள், 31ஆம் தேதி நாட்டுக்கே விடுமுறை.

டிசம்பர் 1ஆம் தேதி ராத்திரி அந்தக் குழுவுக்கு மார்க் போட்டிருந்தால் நான் பூஜ்யம் போட்டிருப்பேன். ஆகவே ஒரு இருபது நிமிஷத்தை வைத்து உங்கள் பையன்களையும் கழித்துவிடாதீர்கள். நாலு தோல்விக்குப் பிறகு ஒரு கோல்கூட விடாமல் வந்திருக்கிறார்கள். மேசையில் அதை யாராவது சொன்னார்களா? நீங்கள் சொன்னீர்களா? அதைச் சொல்லிவிட்டுக் கம்பத்தைப் பற்றி ஆரம்பித்திருந்தால் தே தாரிக் காசு மிச்சமாகியிருக்கும்.

அடுத்த ஆட்டம் எத்தனை மணிக்கு, எந்தத் திடல் என்று எழுதுங்கள். ஞாயிறு மாலை எனக்கு வேலை இல்லை, பாலம் தாண்டினால் பிறைதானே.