வானதூதர் குருக்களா? – கேள்வி பதில்

சிங்கப்பூரில் தமிழில் வழிபடும் வெவ்வேறு சபையினரின் கேள்விகள் இவை. கத்தோலிக்கர் ‘வானதூதர், குரு’ என்பதை மற்றவர்கள் ‘தேவதூதன், ஆசாரியன்’ என்பார்கள். கேட்டவர் சொல்லிலேயே பதிலும் இருக்கும்.

உட்லண்ட்ஸ் வாசகர்: வெளிப்படுத்தின விசேஷம் 8-இல் ஒரு தூதன் பொன் தூபகலசத்தோடு பலிபீடத்தருகே நிற்கிறான். அது ஆசாரிய வேலைதானே?

வேலை ஆசாரியருடையதுதான். எருசலேம் ஆலயத்தில் ஆரோன் வம்சத்தார் மட்டுமே தூபம் காட்டலாம். மீறிய உசியா ராஜாவுக்குக் குஷ்டம் வந்தது (2 நாளாகமம் 26). வெளிப்படுத்தின விசேஷம் 15:6-இல் ஏழு தூதர்கள் மெல்லிய வெண்வஸ்திரமும் பொற்கச்சையும் தரித்து வருகிறார்கள். அதை எழுதிய யோவானின் வாசகர்களுக்கு ஆலயமே கண்முன் நின்றிருக்கும். அவருக்கு முன்பே யூதரிடம் இந்த எண்ணம் உண்டு: சாக்கடலருகே கும்ரான் குகைகளில் கிடைத்த ‘ஓய்வுநாள் பலிப் பாடல்கள்’ பதின்மூன்று ஓய்வுநாட்களுக்கு உரியவை. தூதர்களைப் பரலோக ஆலயத்தின் ஆசாரியர்களாகவே அவை காட்டுகின்றன.

ஆனால் 8:3-ஐ நிதானமாக வாசியுங்கள். தூபவர்க்கம் அவனுக்குக் ‘கொடுக்கப்பட்டது’. ஜெபங்கள் பரிசுத்தவான்களுடையவை. அவன் தனக்கென்று எதையும் செலுத்தவில்லை, பிறர் தந்ததை ஏந்துகிறான். பலியான ஆட்டுக்குட்டியோ (கிறிஸ்து) 5ஆம் அதிகாரத்திலேயே சிங்காசனத்தின் நடுவில் நிற்கிறது.

அதே வாசகர்: அப்படியென்றால் ஆசாரியர் என்று சொல்ல எது தடை?

எபிரெயர் 5:1. பிரதான ஆசாரியன் மனுஷரிலிருந்து எடுக்கப்பட்டு மனுஷருக்காக நியமிக்கப்படுகிறான். யாருக்காக நிற்கிறானோ அவர்களில் ஒருவனாக இருக்க வேண்டும். அவர்களுடைய பலவீனம் அவனுக்கும் இருக்க வேண்டும் (5:2). தூதனுக்கு மாம்சமில்லை, மரணமில்லை. கிறிஸ்து தூதர்களுக்கு அல்ல, ஆபிரகாமின் சந்ததிக்கே கைகொடுத்தார் என்றும், அதனால் எல்லாவற்றிலும் சகோதரருக்கு ஒப்பானார் என்றும் 2:16-17 சொல்கிறது. முழு வாதமும் இந்த அச்சில்தான் சுழல்கிறது.

1:14-இல் தூதர்கள் ‘பணிவிடை ஆவிகள்’. அங்குள்ள கிரேக்கச் சொல் ‘லெய்தூர்கிகா’, ‘லிதுர்ஜியா’ என்ற வழிபாட்டுச் சொல்லின் உறவு. தூதர்களுக்கு வழிபாட்டில் ஊழியம் உண்டு, ஆசாரியத்துவம் இல்லை. இதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடியாது.

தெம்பனீஸ் வாசகர்: திருப்பலியில் முதலாம் நற்கருணை மன்றாட்டு, காணிக்கையை வானதூதர் கையால் விண்ணகப் பீடத்துக்குக் கொண்டுபோகக் கேட்கிறதே?

ஆம், வசீகரிப்புக்குப் பின் (அதாவது அப்பமும் இரசமும் கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாக மாறிய பின்) வரும் மன்றாட்டு அது. இப்போதைய வடிவத்தில் ‘தூதர்’ ஒருமை. 4ஆம் நூற்றாண்டில் மிலான் ஆயர் அம்புரோசியார் எடுத்துக்காட்டும் பழைய வடிவத்தில் பன்மை. அந்த ஒருவர் கிறிஸ்துவே என்று விளக்கியவர்களும் உண்டு. எப்படிப் பார்த்தாலும், வசீகரிப்பது குரு வழியாகக் கிறிஸ்து; தூதர் எடுத்துச் செல்கிறார்.

யீஷூன் வாசகர்: பழைய ஓவியங்களில் வானதூதர் பூசை உடுப்பு அணிந்திருக்கிறார்களே?

எந்த உடுப்பு என்று பாருங்கள். 15ஆம் நூற்றாண்டு ஃபிளெமிஷ் ஓவியங்களில் ஆல்பா (வெண்ணிற நீள அங்கி), டால்மாடிக் (திருத்தொண்டரின் மேலுடுப்பு), ‘கோப்’ எனும் மேற்போர்வை எல்லாம் இருக்கும். குரு பலியிடும்போது அணியும் காசுலா பொதுவாக இருக்காது. கிழக்குத் திருச்சபைகளின் படங்களில் பெரும்பாலும் திருத்தொண்டர் தோளில் அணியும் நீண்ட துணிப்பட்டை. இறையியலை ஓவியர்கள் நூலால் தைத்துக் காட்டியிருக்கிறார்கள்.

சிராங்கூன் வாசகர்: ஒரு வானதூதர் திருமுழுக்குக் கொடுத்தால் செல்லுமா?

13ஆம் நூற்றாண்டு இறையியலாளர் தோமா அக்குவினாஸ் இதை எடுத்துப் பேசியிருக்கிறார் (‘சும்மா தியோலஜிகா’ என்ற நூல், மூன்றாம் பகுதி, கேள்வி 64, பிரிவு 7). அருளடையாளங்களை நிறைவேற்றும் பொறுப்பு மனிதருக்கே. ஆனாலும் கடவுள் தம் வல்லமையை அதில் கட்டிப்போடவில்லை. நல்ல தூதர் ஒருவர் செய்தால் அது இறைவிருப்பம் என்று ஏற்கலாம். தீய ஆவி செய்தால் செல்லாது.

மறைக்கல்வி ஆசிரியை, பிடோக்: பத்து வயதுப் பிள்ளைகளுக்கு இதை எப்படிச் சொல்வது?

தோபித்து 12-இலிருந்து தொடங்குங்கள், அம்மா. ரபேல் மன்றாட்டுகளை இறைவன் திருமுன் ஒப்படைக்கிறார். அடுத்து திருவெளிப்பாடு (வெளிப்படுத்தின விசேஷம்) 8:3-4. பிறகு எபிரேயர் 5:1. மூன்றையும் ஒரே வகுப்பில் வாசித்து, “கொண்டு போகிறவர் யார், பலியாகிறவர் யார்?” என்று கேளுங்கள். மெதடிஸ்ட், ஆங்கிலிக்கன் பிள்ளைகள் கலந்திருந்தால் தோபித்து அவர்களின் விவிலிய நியமத்தில் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வழக்கமாகத் தவறு நடப்பது இரண்டு இடத்தில். ஒன்று, ‘விண்ணகக் குருக்கள்’ என்று செல்லமாகச் சொல்லிவிடுவது. பிறகு ‘ஒரே இணைப்பாளர்’ (1 திமொத்தேயு 2:5) பாடம் வரும்போது பிள்ளை குழம்பும். மற்றொன்று, காவல் தூதருக்குப் பெயர் சூட்டச் சொல்வது. மிக்கேல், கபிரியேல், ரபேல் தவிர வேறு பெயரிடுவதை 2001இல் வத்திக்கான் வெளியிட்ட பொதுமக்கள் பக்திமுறை வழிகாட்டி தவிர்க்கச் சொல்கிறது. “காவல் தூதரே” என்று அழைத்து வேண்டினால் போதும்.