இரும்பு உருக்கிய ஜிகேஎன், கார் பாகங்களுக்கும் விமானப் பாகங்களுக்கும் வந்தது எப்படி?

கேள்வி: 1759இல் வேல்ஸில் இரும்பாலையாகத் தொடங்கிய ஜிகேஎன் எப்படி இத்தனை தொழில்கள் மாறியது? திட்டம் போட்டு மாறியதா? இப்போது அந்த நிறுவனம் இருக்கிறதா?

பதில்: முழுத் திட்டம் என்று சொல்ல மாட்டேன். ஒரு தொழில் தளரும் நேரத்தில், அதற்கு முன்பே வாங்கிப்போட்டிருந்த இன்னொரு தொழில் கைகொடுத்தது. இது பல முறை நடந்திருக்கிறது. நான் கார் உதிரிபாகத் தொழிலில் இருப்பவன், அதனால் டிரைவ் ஷாஃப்ட் (இன்ஜின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டு) பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்வேன்.

கெஸ்ட், கீன், நெட்டில்ஃபோல்ட் என்ற மூன்று பெயர்களின் முதலெழுத்துகள்தான் ஜிகேஎன். தெற்கு வேல்ஸில் மெர்தர் டிட்ஃபில் பக்கத்திலுள்ள டௌலைஸ் ஆலைக்கு ஜான் கெஸ்ட் 1767இல் மேலாளராக வந்தார். பிறகு ஆலை அந்தக் குடும்பத்தின் கைக்குப் போனது. நிலக்கரி, இரும்புத்தாது, சுண்ணாம்புக்கல் மூன்றும் அக்கம்பக்கத்திலேயே கிடைத்த இடம் அது. ரயில் பாதைகள் பரவிய 1840களில் 18 ஊதுலைகள், 7,000க்கு மேல் தொழிலாளர்கள் என்று உலகின் மிகப் பெரிய இரும்பாலையாக வளர்ந்தது. பேரன் ஜோசையா ஜான் கெஸ்ட் 1852இல் இறந்த பிறகு அவர் மனைவி சார்லட் கெஸ்ட் ஆலையை நடத்தினார். வேல்ஸ் மொழிப் பழங்கதைகளை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவரும் இவர்தான். அந்தக் காலத்தில் ஒரு பெண் அவ்வளவு பெரிய ஆலையின் பொறுப்பை ஏற்றது எனக்கு இன்றும் வியப்பு.

ஆர்தர் கீன் பர்மிங்காம் பக்கம் நட்டு போல்ட்டு செய்துகொண்டிருந்தார். நெட்டில்ஃபோல்ட் மர ஸ்க்ரூ செய்தவர். பழைய ஸ்க்ரூவுக்கு முனை மொட்டையாக இருக்கும், முதலில் துளை போட்டுத்தான் திருக வேண்டும். கூர்முனை ஸ்க்ரூ செய்யும் அமெரிக்க இயந்திரத்தின் காப்புரிமையை அவர் 1854இல் வாங்கினார். பணத்துக்கு மைத்துனர் ஜோசப் சேம்பர்லினைச் சேர்த்துக்கொண்டார். போட்ட பணத்தைப் பார்த்துக்கொள்ள அவர் அனுப்பிய, அதே பெயர் கொண்ட 18 வயது மகன்தான், பின்னாளில் பிரிட்டன் அரசியலில் பெரிய பெயரெடுத்த ஜோசப் சேம்பர்லின். 1900இல் கெஸ்டும் கீனும் இணைந்தன. 1902இல் நெட்டில்ஃபோல்டும் வந்தது. இரும்பை உருக்குபவர், அதில் போல்ட்டும் ஸ்க்ரூவும் செய்பவர் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. இந்தியாவில் ஹவுராவில் இயங்கிய கெஸ்ட் கீன் வில்லியம்ஸும் இந்தக் கிளையிலிருந்து வந்ததுதான்.

1920இல் எஃகுத் தகடு செய்த லைசாட் நிறுவனத்தை வாங்கியபோது கூடவே சாங்கியும் வந்தது. சாங்கி கார் சக்கரமும் பாடி தகடும் அடித்துக் கொடுத்த கம்பெனி. கார் தொழிலில் இப்படிக் கால் பதித்தது பிறகு மிகவும் உதவியது.

இந்த இடத்தில் டௌலைஸ் மக்களைப் பற்றிப் பேசாமல் போக எனக்கு மனமில்லை. உள்ளூர்த் தாது தீர்ந்து, கப்பலில் தாது வர ஆரம்பித்ததும் கடலோரத்திலிருக்கும் கார்டிஃப் ஆலைதான் லாபகரமானது. 1930இல் டௌலைஸில் எஃகு உற்பத்தி பெரும்பாலும் நின்றுபோய், ஊரே வேலையில்லாமல் நின்றது. 1936இல் மன்னர் எட்டாம் எட்வர்டு நேரில் வந்து பார்க்கும் அளவுக்கு நிலைமை மோசம். தொழில் மாறிப் பிழைத்த நிறுவனம் என்று மேலாண்மை வகுப்பில் பாராட்டும்போது இந்த ஊரையும் சொல்ல வேண்டும். நிறுவனம் இடம் மாறிக்கொண்டது. உலையை நம்பிக் குடியேறியவர்களால் அப்படி மாற முடியவில்லை.

எஃகைப் பிரிட்டன் அரசு 1951இல் ஒரு முறையும் 1967இல் மறுபடியும் நாட்டுடைமையாக்கியது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே, 1966இல், ஜிகேஎன் பர்ஃபீல்ட் குழுமத்தை வாங்கிவிட்டது. அதற்குள் இருந்த ஹார்டி ஸ்பைசர்தான் சிவி ஜாயின்ட் (வளைந்தாலும் ஒரே வேகத்தில் சுழற்சியைக் கடத்தும் இணைப்பு) செய்த கம்பெனி. என் பார்வையில் 20ஆம் நூற்றாண்டில் ஜிகேஎன் செய்த மிகச் சிறந்த காரியம் இதுதான்.

முன்சக்கரத்தில் இழுக்கும் காரில் அதே சக்கரம்தான் திரும்பவும் வேண்டும். சாதாரண யுனிவர்சல் ஜாயின்ட்டை வளைத்து ஓட்டினால் ஒவ்வொரு சுற்றிலும் வேகம் ஏறி இறங்கும், ஸ்டியரிங்கில் உதறல் தெரியும். சிவி ஜாயின்ட்டில் உள்ளும் புறமும் வெட்டிய பள்ளங்களுக்கு நடுவே ஆறு குண்டுகள் ஓடும். ஷாஃப்ட் எந்தக் கோணத்தில் வளைந்தாலும் குண்டுகள் அந்தக் கோணத்தின் சரிபாதித் தளத்தில் நிற்பதால் இரண்டு பக்கமும் ஒரே வேகம். ஆல்ஃபிரட் செப்பா 1920களில் கண்டுபிடித்த இந்த ஜாயின்ட், 1959இல் மினி காரில் ஏறியது. பிறகு ஐரோப்பாவின் சிறிய கார்கள் ஒவ்வொன்றாக முன்சக்கர இழுவைக்கு மாற, ஆர்டர் குவிந்தது. நம் ஊர் மெக்கானிக் ஷெட்டில் ‘பூட் (ரப்பர் உறை) கிழிஞ்சு கிரீஸ் போயிருச்சு, ஜாயின்ட் சத்தம் போடுது’ என்று சொல்வது இந்தச் சாமானைத்தான். 1980இல் நிறுவனம் நஷ்டம் காட்டியபோது, மிச்சமிருந்த எஃகுத் தொழிலிலிருந்து வெளியேறும் துணிவை இந்தத் தொழில்தான் தந்தது என்று நினைக்கிறேன்.

சரி, விமானம். 1994இல் வெஸ்ட்லேண்ட் ஹெலிகாப்டரை வாங்கி, பிறகு இத்தாலியின் ஃபின்மெக்கானிகாவுடன் கூட்டுச் சேர்த்து, 2004இல் தன் பங்கை விற்றார்கள். ஆனால் விமானப் பாகத் தொழிலை விடவில்லை. ஃபில்டனில் ஏர்பஸ்ஸின் இறக்கைப் பாக ஆலை, 2012இல் வால்வோ ஏரோ, 2015இல் ஃபோக்கர் என்று சேர்த்துக்கொண்டே போனார்கள். நடுவில் சரக்குத் தட்டு (பேலட்) வாடகைக்கு விடும் தொழில்கூட இருந்தது. அது மற்றவற்றோடு ஒட்டாத தொழில், 2001இல் பிரித்துவிட்டதும் சரியே.

2017 இறுதியில் அமெரிக்க விமானப் பிரிவில் கணக்கு இடறியது. அந்தப் பலவீனத்தைப் பார்த்து மெல்ரோஸ் என்ற முதலீட்டு நிறுவனம் களமிறங்கி, 2018 மார்ச்சில் சுமார் 800 கோடி பவுண்டுக்கு ஜிகேஎன்னைக் கைப்பற்றியது. ஆதரித்த பங்குகள் 52 சதவீதம்தான். அதில் ஏலப் போட்டி தொடங்கிய பிறகு பங்கு வாங்கியவர்கள் கணிசம். ஆலையோடு சம்பந்தமே இல்லாதவர்கள் சில வாரங்களில் முடிவைத் தீர்மானித்தது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

இப்போது தனி நிறுவனமாக ஜிகேஎன் இல்லை. விமானப் பிரிவு ஜிகேஎன் ஏரோஸ்பேஸ் என்ற பெயரிலேயே மெல்ரோஸிடம் இருக்கிறது. கார் பாகப் பிரிவையும் உலோகத்தூள் பிரிவையும் 2023இல் டௌலைஸ் என்ற பெயரில் தனியாகப் பிரித்தார்கள். அதை வாங்கப்போவதாக அமெரிக்கக் கார் பாக நிறுவனமான அமெரிக்கன் ஆக்சில் 2025 ஜனவரியில் அறிவித்தது.