நாத்தனார் கொடுத்த 1,500 வெள்ளி எங்கே போனது?

கேள்வி: வணக்கம் ஐயா. நாங்கள் மலேசியாவில், பேராக் சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். கணவர் லோரி ஓட்டுகிறார், நான் தொழிற்சாலையில் கிராணி வேலை. இருவருக்கும் சேர்த்துக் கைக்கு வருவது 4,900 வெள்ளி (ரிங்கிட்). மூன்று வயதில் ஒரு மகன், ஒன்றே முக்கால் வயதில் ஒரு மகள். ஆண்டு இறுதி விடுமுறைக்குக் கிள்ளானில் ஏறி மூன்று இரவு கப்பல் பயணம் போக முன்பணம் கட்டியிருக்கிறோம். கப்பல் ஒரு நாள் சிங்கப்பூரில் காலை 9 மணிக்கு நிற்கும், மாலை 5 மணிக்குள் திரும்பி ஏறிவிட வேண்டும். அந்த ஒரு நாளில் பிள்ளைகளை யூனிவர்சல் ஸ்டூடியோஸ் அழைத்துப்போக ஆசை. எங்களோடு நாத்தனார், அவர் கணவர், அவர்களின் 7 வயது மகன், என் மாமியார் நான்கு பேரும் வருகிறார்கள். "அண்ணி, உங்க கார்டுல கட்டிடுங்க, நாங்க மாசாமாசம் கொடுத்திடுறோம்" என்று நாத்தனார் சொன்னதால் இரண்டு அறைக்கும் முன்பணம் 1,600-ஐ நானே கட்டினேன். இன்னும் எங்கள் அறைக்கு 3,100, அவர்கள் அறைக்கு 3,500 பாக்கி. ஆறு மாதத்தில் கட்ட வேண்டும். பார்க்குக்கு ஏஜண்ட் வேன், எக்ஸ்பிரஸ் பாஸ் எல்லாம் சேர்த்துத் தலைக்கு 360 என்கிறார், எட்டுப் பேருக்கு 2,880. சொந்தக்காரர் எதுவும் கேட்காத மாதத்தில் 500 மிஞ்சும். கிரெடிட் கார்டில் ஏற்கெனவே 7,400 கடன் நிற்கிறது. அதில் வாங்கிய கைப்பேசிக்காக நாத்தனார் பத்து மாதமாக மாதம் 150 கையில் தருகிறார். குறைந்தபட்சத் தொகையை ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டுகிறேன், கடன் மட்டும் இறங்கவே மாட்டேன் என்கிறது. 10,000 வெள்ளி பர்சனல் லோன் எடுக்கலாமா? அல்லது ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) மூன்றாவது கணக்கில் கை வைக்கலாமா?

பதில்: சகோதரி, கடிதத்தோடு கார்டு அறிக்கையின் படங்களையும் அனுப்பியது நல்லதாகப் போயிற்று. லோனா, ஈபிஎஃப்பா என்ற கேள்விக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த 7,400 யாருடையது என்று பார்ப்போம்.

நாத்தனாரின் கைப்பேசி 2,400. கொழுந்தனாரின் மோட்டார் சைக்கிள் ரிப்பேர், ரோட்டெக்ஸ் 1,100. மாமியார் சொந்தத்தில் ஒரு சடங்குக்குப் போட்ட மோதிரம் 700. நாத்தனார் அறைக்கான முன்பணம் 800. கூட்டினால் 5,000 வெள்ளி. உங்கள் வீட்டுச் செலவு என்று அந்த அறிக்கையில் நிற்பது 2,400தான். அதாவது நீங்கள் தூக்கம் கெட்டுச் சுமக்கும் கடனில் மூன்றில் இரண்டு பங்கு மற்றவர்களுடையது.

இதைப் படித்ததும் நாத்தனார் மேல் கோபம் வரும். வேண்டாம். நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: பத்து மாதமாக அவர் ஒவ்வொரு மாதமும் 150 வெள்ளியைக் கையில் கொடுத்துவிடுகிறார். அப்படியானால் 1,500 வெள்ளி திரும்ப வந்துவிட்டது. அவர் சொன்ன சொல் தவறவில்லை. ஆனால் அந்தப் பத்து மாத அறிக்கையில் குறைந்தபட்சத் தொகையைத் தவிர ஒரு காசு கூடுதலாகக் கட்டிய அடையாளம் இல்லை. அந்த 150 உங்கள் பர்ஸுக்குள் போகிறது. ஞாயிற்றுக்கிழமை பாசாரில் மீன், காய்கறி, பிள்ளைக்குப் பெம்பர்ஸ், இரண்டு பாக்கெட் நாசி லெமாக், அத்தோடு முடிந்தது. கடன் வங்கியில் அப்படியே நிற்க, அதை அடைக்க வந்த பணத்தை வீடு சாப்பிட்டுவிடுகிறது. கொழுந்தனார் அவ்வப்போது தரும் ஐம்பது, நூறுக்கும் இதே கதிதான்.

கடன் இறங்காததற்குக் காரணம் இந்த ஒரு பழக்கம். சொந்தக்காரர் வாங்குவதை உங்கள் கார்டில் தேய்க்கிறீர்கள், அவர்கள் சில்லறையாகத் தருவதை வீட்டுச் செலவோடு கலந்துவிடுகிறீர்கள். இது நிற்காமல் எந்த லோன் எடுத்தாலும் ஒரே வருடத்தில் லோனும் இருக்கும், கார்டுக் கடனும் பழையபடி ஏறியிருக்கும். இப்படி மாட்டிக்கொண்ட குடும்பங்களை நிறையப் பார்த்துவிட்டேன். அதனால்தான் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன்.

ஒரு மாதமும் தவறாமல் கட்டி வருவதால் உங்களுக்கு வட்டி ஆண்டுக்கு 15 விழுக்காடு. தவறுகிறவர்களுக்கு 18 வரை போகும். 7,400-க்கு 15 விழுக்காடு என்றால் மாதம் ஏறக்குறைய 92 வெள்ளி. நீங்கள் கட்டும் குறைந்தபட்சம் 5 விழுக்காடு, அதாவது 370. அதில் 92 வட்டிக்குப் போக, 278 அசலில் கழிகிறது. கழிந்த அந்த இடத்தில் அடுத்த மாதமே யாராவது ஒருவர் ஒரு டயரோ அடுப்போ வாங்கிவிடுகிறார். இன்று முதல் புதிதாக எதையும் தேய்க்காமல், 370 என்ற எண்ணையும் இறக்காமல் கட்டினால் இரண்டு வருடத்துக்குள் கடன் தீர்ந்துவிடும். வங்கி கேட்கும் குறைந்தபட்சம் மாதாமாதம் 356, 343 என்று இறங்கும். அதைப் பார்த்து நீங்களும் இறங்கினால் ஐந்து வருடம் கழித்தும் 700 வெள்ளிக்கு மேல் பாக்கி நிற்கும்.

இப்போது லோன். லோன் ஏஜண்ட் காட்டிய தாளில் 6 விழுக்காடு என்றிருக்கிறது. அது பிளாட் வட்டி. நீங்கள் அசலைக் கட்டக் கட்ட வட்டி குறையாது, முழுப் பத்தாயிரத்துக்கும் ஐந்து வருடமும் கணக்கிடுவார்கள். வட்டி மட்டும் 3,000, மாதத் தவணை 217. உண்மையான வட்டி சுமார் 11 விழுக்காடு. மூன்று இரவுப் பயணத்துக்கு எடுத்த கடனைக் கட்டி முடிக்கும்போது உங்கள் மகன் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருப்பான். அதுவும் நாத்தனார் குடும்பத்தின் பங்கையும் சேர்த்து, முழுக்க உங்கள் பெயரில். வேண்டாம். இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

ஈபிஎஃப் மூன்றாவது கணக்கு 2024 மே மாதம் வந்தது. உங்கள் சந்தாவில் 10 விழுக்காடு அதில் சேர்கிறது, 50 வெள்ளியிலிருந்து எடுக்கலாம். எடுப்பது சுலபம் என்பதே எனக்குக் கவலை. ஈபிஎஃப் 2023-க்கு 5.5, 2024-க்கு 6.3 விழுக்காடு லாப ஈவு கொடுத்தது. உங்களுக்கு வயது 34. 5.5 என்றே வைத்துக்கொண்டாலும் இன்று எடுக்காமல் விட்ட 3,000 வெள்ளி உங்கள் 55 வயதில் 9,000-ஐத் தாண்டும். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, கணவர் லோரி ஓட்ட முடியவில்லை என்றால் எடுங்கள், நானே எடுக்கச் சொல்வேன். விளையாட்டுப் பூங்காவுக்கு வேண்டாம். 'இப்போது பயணம், பிறகு பணம்' என்று கைப்பேசிச் செயலிகளில் வரும் மூன்று தவணை, ஆறு தவணை விளம்பரங்களுக்கும் இதே பதில்தான்.

இனி அந்த ஒரு நாள். கடிதத்தைப் படித்தபோது அது பிள்ளைகளுக்காகப் போடும் திட்டமாகத் தெரிந்தது. கணக்குப் போட்டால் அப்படித் தெரியவில்லை.

யூனிவர்சல் ஸ்டூடியோஸில் 4 வயதுக்குக் கீழே நுழைவுக் கட்டணமே கிடையாது. ஏஜண்ட் உங்கள் இரண்டு குழந்தைகளுக்கும் தலைக்கு 360 போட்டிருக்கிறார். அதுவே 720 வெள்ளி. பெரியவர்களுக்கு ஒரு சீட்டு சுமார் 270 மலேசிய வெள்ளி, 7 வயதுப் பையனுக்கு 200 என்று வைத்துக்கொண்டால் நேரடியாக வாங்கினால் எட்டுப் பேருக்கும் சேர்த்து 1,550-தான் வரும். மிச்சம் எக்ஸ்பிரஸ் பாஸும் வேனும். வரிசையில் நிற்காமல் போக எக்ஸ்பிரஸ் பாஸ். அதை வைத்துக்கொண்டு உங்கள் மகன் எதில் ஏறுவான்? டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கு 102 சென்டிமீட்டர் உயரம் வேண்டும், ஜுராசிக் பார்க் தண்ணீர் சவாரிக்கு 107, மம்மிக்கு 122. மூன்று வயதுப் பிள்ளை பெரும்பாலும் 95 பக்கம்தான் இருப்பான். வாசற்படியில் நிற்க வைத்து ஒரு கோடு போட்டுப் பாருங்கள். அவனுக்கு ஏற்றது செசமி ஸ்ட்ரீட் சவாரி மாதிரி ஒன்றிரண்டு, அப்புறம் பொம்மை வேஷக்காரர்களோடு ஒரு படம். பெரியவர்கள் ஏற வேண்டுமானால் ஒருவர் ஏற, ஒருவர் பிள்ளைகளோடு வெளியில் நிற்க வேண்டும். முழங்கால் வலியோடு மாமியார் அந்த வெயிலில் எங்கே உட்காருவார் என்பதையும் யோசியுங்கள்.

நேரம் அதைவிட மோசம். 9 மணிக்குக் கப்பல் நின்றாலும் இறங்கி, குடிநுழைவு தாண்டி, தள்ளுவண்டியை விரித்து வெளியே வர 10.30. பூங்காவுக்குள் நுழைய 11. மாலை 5 மணிக்குள் ஏற வேண்டிய கப்பலுக்கு 3 மணிக்கே கிளம்பிவிடுங்கள், கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது. நடுவில் நான்கு மணி நேரம். அதில் ஒரு மணி நேரம் சாப்பாடும் பெம்பர்ஸ் மாற்றுவதும், ஒரு மணி நேரம் மகளின் தூக்கம். இரண்டு மணி நேர விளையாட்டுக்கு 2,880 வெள்ளி.

கப்பல் எந்த முனையத்தில் நிற்கும் என்று ஏஜண்டிடம் கேளுங்கள். மரினா பே முனையம் என்றால் பக்கத்திலேயே கார்டன்ஸ் பை தி பே. அதற்குள் சிறுவர் தோட்டம் இருக்கிறது, நுழைவு இலவசம். 1 முதல் 5 வயதுப் பிள்ளைகளுக்குத் தனி விளையாட்டிடம், தண்ணீர் பீய்ச்சும் திடல், நாத்தனார் மகனுக்கு மரவீடு. திங்கட்கிழமை மட்டும் மூடியிருக்கும். ஹார்பர்ஃபிரண்ட் முனையம் என்றால் விவோசிட்டி வழியாகச் செந்தோசாவுக்கு நடந்தே போகலாம், பலாவான் கடற்கரையில் மணலில் உட்கார வைத்தால் உங்கள் மகளுக்கு அதுவே போதும். மாற்றுத் துணி, தொப்பி, வண்டிச் செலவு, சாப்பாடு எல்லாம் சேர்த்து உங்கள் நால்வருக்கும் 250 வெள்ளிக்குள் அடங்கும். சவாரி ஏறும் ஆசை உங்களுக்கும் கணவருக்கும் இருக்கிறது என்றால் அதில் தப்பே இல்லை. பிள்ளைகள் 122-ஐத் தாண்டட்டும், முழு நாள் ஒதுக்கிப் போங்கள். அதுவரை பிள்ளைகளுக்குத் தண்ணீரில் குதிக்க அரை மணி நேரத் தூரத்தில் தம்புன் இருக்கிறது.

ஆக, பயணத்தை ரத்து செய்யச் சொல்லவில்லை. உங்கள் அறைக்கு மட்டும் நீங்கள் கட்டுங்கள். பாக்கி 3,100. நீங்கள் கணக்கில் சேர்க்க மறந்த ஒன்று கடப்பிதழ்: பெரியவர்களுக்கு ஆளுக்கு 200, பிள்ளைகளுக்கு ஆளுக்கு 100, கைக்குழந்தைக்கும் தனியாக வேண்டும். 600 வெள்ளி. மொத்தம் 3,700. சொந்தக்காரர் கேட்காத மாதத்தில் 500 மிஞ்சும் என்கிறீர்கள், ஆறு மாதத்தில் 3,000. குறையும் 700-ஐயும் சிங்கப்பூர்ச் செலவையும் தீபாவளிக்கு ஒதுக்குவதிலிருந்து இழுக்க வேண்டியிருக்கும். அந்த முடிவை நீங்களும் கணவரும் உட்கார்ந்து பேசி எடுங்கள். மனசுக்கு ஒப்பவில்லை என்றால் பயணத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ளுங்கள், முன்பணத்தை மாற்றித் தருவார்களா என்று இப்போதே கேளுங்கள்.

நாத்தனாரின் 3,500-ஐ நீங்கள் கட்டக் கூடாது. அவர் பெயரில், அவர் கார்டிலோ ரொக்கமாகவோ, ஏஜண்டிடம் நேராக. முடியாது என்றால் அந்த அறையை விட்டுவிடுங்கள். 800 போகும், வலிக்கத்தான் செய்யும். ஆனால் 800 போனது என்பதற்காக 3,500-ஐப் பின்னால் அனுப்பக் கூடாது.

உங்கள் ஊருக்கு இது புதுப் பாடமில்லை. சுங்கை சிப்புட் மண்ணின் மைந்தர், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, துண்டு போட்டு விற்கப்பட இருந்த ரப்பர்த் தோட்டங்களை வாங்கப் பால்மரம் சீவியவர்கள் மாதம் பத்துப் பத்து வெள்ளியாகத்தான் போட்டார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து போட்ட பணம், ஆனால் ஒவ்வொருவர் பங்கும் அவரவர் பெயரில் நின்றது. சொந்தபந்தம் சேர்ந்து ஒரு காரியம் செய்வதை நான் தடுக்கவில்லை. எல்லாருடைய பங்கும் ஒரு மருமகளின் கார்டில் நிற்பதைத்தான் தடுக்கிறேன்.

இதை நாத்தனாரிடம் நீங்கள் சொல்ல வேண்டாம், கணவர் சொல்லட்டும். அவர் தங்கை. நீங்கள் சொன்னால் அண்ணி தடுத்தாள் என்று ஆகும், அண்ணன் சொன்னால் வீட்டுக் கணக்காக முடியும். நீளமாகப் பேசத் தேவையில்லை: "தங்கச்சி, உங்க ரூம் பாக்கிய நீங்களே ஏஜண்டுக்குக் கட்டிடுங்க, அண்ணி கார்ட இனி யாருக்கும் எடுக்கப் போறதில்ல. நீ மாசம் தர்ற நூத்தம்பதையும் இனி கையில கொடுக்காம நேரா பேங்குல போட்டுடு." கைப்பேசிக் கணக்கில் அவர் தர வேண்டியது இன்னும் 900-தான், ஆறு மாதத்தில் அதுவும் முடிந்துவிடும். முன்பணம் 800-ஐ அதன் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதுவரை அவர் பணம் வந்த அன்றே, வங்கிச் செயலியைத் திறந்து கார்டுக்குக் கட்டுங்கள். 370-க்கு மேல் கூடுதலாக. பாசார் செலவில் ஒரு 150 இடிக்கும், அது உங்கள் உண்மையான வீட்டுச் செலவு, சம்பளத்திலிருந்தே அது வரவேண்டும்.

கார்டை வெட்டிப் போடச் சொல்லமாட்டேன். வரம்பைக் குறைக்கும்படி வங்கிக்கு ஒரு அழைப்பு போடுங்கள். கேட்கிறவரிடம் "லிமிட் முடிஞ்சிருச்சு" என்று சொல்ல அது உதவும், சொல்வதும் பொய்யாக இருக்காது. ஆறு மாதம் கழித்தும் கடன் 7,000-க்குக் கீழே வரவில்லை என்றால் ஏகேபிகே-வுக்குப் போங்கள். மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006-இல் அமைத்த கடன் ஆலோசனை நிறுவனம், ஆலோசனைக்குக் காசு வாங்கமாட்டார்கள்.

கப்பல் ஏறுவது உறுதியானால் ஒன்றை மறக்காதீர்கள். சிங்கப்பூரில் இறங்கப் பிள்ளைகள் உட்பட ஒவ்வொருவருக்கும் எஸ்ஜி அரைவல் கார்டு நிரப்ப வேண்டும். இறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள் சிங்கப்பூர் குடிநுழைவுத் துறையின் தளத்திலேயே செய்யலாம், கட்டணம் இல்லை. நிரப்பித் தருகிறோம் என்று பணம் கேட்கும் தளங்களுக்கு உங்கள் கார்டு எண்ணைக் கொடுத்துவிடாதீர்கள்.