திருட்டு வேறு, கன்னக்களவு வேறு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் குடோனில் இருந்து 11 மூட்டை மல்லி காணாமல் போனது. இன்சூரன்ஸில் கேட்டால், "உங்கள் பாலிசி பர்க்ளரிக்கு, நடந்திருப்பது தெஃப்ட்" என்று பணம் தர மறுக்கிறார்கள். இரண்டும் திருட்டுதானே?
*மளிகை வியாபாரி, விருதுநகர்*

பேச்சு வழக்கில் இரண்டும் ஒன்றுதான், பாலிசியில் அப்படி இல்லை. தெஃப்ட் என்றால் அடுத்தவர் பொருளைச் சம்மதம் இல்லாமல் எடுத்துக்கொண்டு போவது. பர்க்ளரி என்றால் திருடும் எண்ணத்தோடு அத்துமீறி உள்ளே நுழைவது. நம் போலீஸ் பதிவேட்டில் வரும் கன்னக்களவு என்ற சொல் இதற்கு நன்றாகவே பொருந்தும், கன்னக்கோல் வைத்துச் சுவரில் ஓட்டை போட்ட காலத்துச் சொல் அது. இன்சூரன்ஸ் பாலிசிகளில் இதற்கு மேல் "பலவந்தமாக நுழைந்து" என்று ஒரு நிபந்தனையும் பெரும்பாலும் இருக்கும். ஒரு வணிகரின் சரக்கு தொடர்பாக இதே சிக்கல் உச்ச நீதிமன்றம் வரை போனது. பாலிசியில் அப்படி எழுதியிருந்தால் பலவந்தம் நடந்திருக்க வேண்டும் என்று 2004-ல் தீர்ப்பாகிவிட்டது. அதனால் பூட்டு நெம்பப்பட்டிருந்ததா, ஜன்னல் கம்பி வளைந்திருந்ததா, ஓடு பிரிக்கப்பட்டிருந்ததா என்று பாருங்கள். இருந்தால் படம் எடுத்து வையுங்கள், எஃப்.ஐ.ஆரில் அது வந்திருக்கிறதா என்றும் படித்துப் பாருங்கள். யாரோ சாவி போட்டுத் திறந்து எடுத்திருந்தால், வருத்தமாகத்தான் இருக்கிறது, உங்கள் பக்கம் பலவீனம்.

இதோடு ராபரியையும் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் குழப்பிக்கொள்வது அதைத்தான். கடை வாசலில் நிற்கும் சைக்கிளை ஒருவன் சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டு போனால் தெஃப்ட். நீங்கள் ஓடிப்போய் ஹேண்டில்பாரைப் பிடிக்கிறீர்கள், அவன் கத்தியைக் காட்டி மிரட்டிவிட்டு சைக்கிளோடு போகிறான், அந்த நொடியில் அது ராபரி. அதாவது ராபரிக்கு எதிரே ஓர் ஆள் வேண்டும், அவருக்கு அடியோ மிரட்டலோ விழ வேண்டும். நள்ளிரவில் ஆளில்லாத வங்கியில் லாக்கரை அறுத்தால் நம் பத்திரிகைகள் கொள்ளை என்கின்றன, ஆங்கிலத்தில் அது ராபரி ஆகாது, பர்க்ளரிதான். அப்புறம், ராபரியில் ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் டக்காயிட்டி. இந்தியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். 1860-ல் வந்த தண்டனைச் சட்டத்திலும் சரி, 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவிலும் சரி, அந்த ஐந்து மாறவில்லை. நான்கு பேர் என்றால் ராபரியோடு நின்றுவிடும்.

கேள்வி: "ஐ ஆம் ஹியரிங் மியூசிக்" என்று என் மகள் எழுதியதை டீச்சர் சிவப்பு மையால் அடித்துவிட்டார். பாட்டுக் கேட்கிறேன் என்பதில் என்ன தப்பு?
*ஒரு தாய், பழனி*

குழந்தை தமிழில் யோசித்து எழுதியிருக்கிறாள், திட்டாதீர்கள். நமக்குக் கேள் என்ற ஒரே சொல் மூன்று வேலை செய்கிறது: சத்தம் கேட்கிறது, பாட்டுக் கேட்கிறேன், வழி கேட்கிறேன். கேள்வி ஞானம் என்கிறோமே, அதில் வரும் கேள்விகூட வினா இல்லை, காதால் கேட்டு அறிந்தது. ஆங்கிலத்தில் இந்த மூன்றுக்கும் ஹியர், லிசன், ஆஸ்க் என்று தனித்தனிச் சொற்கள். அவளிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: காதில் விழுந்தால் ஹியர், காது கொடுத்தால் லிசன். பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தம் தானாகக் காதில் விழுகிறது. பாட்டுக்கு நாமாகக் காது கொடுக்கிறோம், அதனால் "ஐ ஆம் லிசனிங் டு மியூசிக்". அந்த டு-வை விட்டுவிட வேண்டாம்.

கேள்வி: டேங்கர் லாரியில் சிலவற்றில் ஃப்ளேமபிள், சிலவற்றில் இன்ஃப்ளேமபிள் என்று இருக்கிறதே, இரண்டாவது தீப்பிடிக்காததா?
*கல்லூரி மாணவர், கரூர்*

இல்லை, இரண்டும் எளிதில் தீப்பற்றக்கூடியதுதான்! அங்கே இன் என்பது எதிர்மறை அல்ல, பற்றவைப்பது என்ற பொருள் கொண்ட லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. உங்களைப் போலவே பலரும் தப்பாகப் புரிந்துகொள்வார்கள் என்ற பயத்தில்தான் எச்சரிக்கைப் பலகைகளில் ஃப்ளேமபிள் என்றே போடும் பழக்கம் பரவியது. தீப்பிடிக்காதது என்றால் நான்-ஃப்ளேமபிள் என்று எழுதியிருக்கும்.