மணல்மேட்டைச் சமப்படுத்தலாமா, கல் கொட்டலாமா?

கேள்வி: தரங்கம்பாடிக்கும் பூம்புகாருக்கும் இடையில் உள்ள மீனவக் கிராமம் எங்களுடையது. ஊருக்கும் கடலுக்கும் நடுவே ஆள் உயரத்துக்கு மேல் மணல்மேடு இருக்கிறது. அதைச் சமப்படுத்தி மீன் உலர்தளம், கடலோரச் சாலை, சிறு பூங்கா அமைக்கலாம் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. கரையில் கருங்கல் கொட்டினால்தான் ஊர் பிழைக்கும் என்கிறார்கள் சிலர். சவுக்கு நட்டால் போதும் என்பது பெரியவர்கள் கட்சி. கிராம சபையில் தீர்மானம் போட வேண்டும். எதை முதலில் கேட்பது? – ஊராட்சி வார்டு உறுப்பினர் ஒருவர்

பதில்: மூன்றில் எதையுமே முதலில் கேட்காதீர்கள். மணல்மேட்டில் யாரும் கை வைக்கக் கூடாது, ஊருக்குப் பின்னால் தேங்கும் மழைத்தண்ணீர் வெளியேற வழி வேண்டும். தீர்மானத்தின் முதல் இரண்டு வரிகள் இவையாக இருக்கட்டும். உலர்தளம், சாலை, மரம், கல் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

மேட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அது சும்மா கிடக்கும் மணல் என்று நினைப்பதில்தான் பாதிச் சிக்கல். வாடைக் காலத்தில் அலை பெருத்து வரும்போது கரையை அரித்து, அந்த மணலைக் கொஞ்ச தூரம் கடலுக்குள் இழுத்துப் போய் நீருக்கடியில் திட்டாகப் போடுகிறது. அடுத்து வரும் பெரிய அலைகள் அந்தத் திட்டில் மோதி உடைவதால் ஊர்க்கரைக்கு வரும்போது வேகம் குறைந்திருக்கும். கடல் அடங்கிய மாதங்களில் சிற்றலைகள் அதே மணலைக் கரைக்குத் திருப்பிக் கொண்டுவருகின்றன. காற்று அதை அள்ளி மேட்டில் சேர்க்கிறது. இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு இருப்பு வேண்டும். அந்த இருப்பு உள்ள பத்தாயம்தான் உங்கள் மணல்மேடு. அதைச் சமப்படுத்திச் சிமென்ட் தளம் போட்டால், அடுத்த புயலில் கடல் எடுப்பதற்கு மணல் இருக்காது. தளத்தின் அடியைத்தான் அது பறிக்கும்.

இன்னொரு வேலையும் அந்த மேடு செய்கிறது. மேட்டில் விழும் மழை மணலுக்குள் இறங்கி, உப்புத்தண்ணீரின் மேல் மிதக்கும் நன்னீர்ப் படலமாக நிற்கிறது. கடல்நீர் நன்னீரைவிடச் சற்றே அடர்த்தியானது என்பதால், நிலத்தடி நீர் கடல்மட்டத்துக்கு ஓர் அடி மேலே நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மண்ணின் தன்மையைப் பொறுத்து இது மாறும், ஆனால் போக்கு இதுதான். மேட்டை வெட்டி அந்த ஓர் அடியை இழந்தால் அடியில் இழப்பது பல மடங்கு. உங்கள் ஊர்க் கேணிகளில் எதில் நல்ல தண்ணீர், எதில் உவர் என்று குறித்துப் பாருங்கள். பெரும்பாலும் நல்ல கேணிகள் மேட்டை ஒட்டித்தான் இருக்கும்.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, உயிர்ப்புள்ள மணல்மேடுகளை வெட்டுவதையும் மாற்றுவதையும், அழகுபடுத்தவும் பொழுதுபோக்குக்காகவும் நிலத்தின் தோற்றத்தைத் திருத்துவதையும் தடை செய்யப்பட்ட செயல்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. பூங்கா யோசனை அங்கேயே விழுந்துவிடும். உலர்தளம் அப்படியல்ல. கட்டடம் கட்டத் தடையுள்ள பகுதியிலும் மீன் காயவைக்கும் இடத்துக்கும் வலை செப்பனிடும் இடத்துக்கும் அனுமதி உண்டு. கிராமப்புறத்தில் அந்தத் தடை, கடல் ஏறும்போது நீர் எட்டும் உச்ச அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை. 2011 கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் நெருக்கமான ஊர்களுக்கு, மண்டலத் திட்ட வரைபடம் புதிய விதிப்படி ஒப்புதல் பெற்றிருந்தால், 50 மீட்டர். உங்கள் ஊர் எந்த வகை என்பதை அந்த வரைபடத்தில் பார்த்துவிட்டுப் பேசுங்கள். தளத்தை மேட்டுக்குப் பின்புறம், ஊர்ப்பக்கச் சரிவு முடியும் இடத்தில் கேளுங்கள்.

மேட்டைக் காக்கும்போது அதிலுள்ள ஓட்டைகளையும் கவனிக்க வேண்டும். 2004 சுனாமியில் பல ஊர்களில் தண்ணீர் முதலில் புகுந்தது, மேடு அறுந்திருந்த இடங்கள் வழியாகத்தான். படகு இழுக்கவும் ஆள் நடக்கவும் நேராக வெட்டிய பாதைகள் அவை. பாதை இல்லாமல் மீன்பிடி ஊர் இல்லை. ஆனால் எண்ணிக்கையைக் குறைக்கலாம், சாய்வாக வளைத்தும் போடலாம், அப்போது காற்றும் அலையும் நேரே ஊருக்குள் வராது. பழைய வெட்டுகளை அடைக்க இயந்திரம் வேண்டாம். தென்னங்கீற்றையோ பனையோலையையோ பாதிக்குப் பாதி இடைவெளி விட்டு இடுப்பளவு தட்டியாக, காற்றுக்குக் குறுக்கே கட்டுங்கள். காற்று தணியும் இடத்தில் மணல் தானே சேரும். தட்டி புதைந்ததும் அதன்மேல் இன்னொன்று.

இனி ஊரின் பின்புறம். கடற்கரை ஊர் என்றதும் எல்லோரும் கிழக்கே பார்க்கிறார்கள். டெல்டாவின் கடைமடையில் இருக்கும் உங்களுக்கு வெள்ளம் பெரும்பாலும் மேற்கிலிருந்து வருகிறது. மேட்டுக்குப் பின்னால் நிலம் தாழ்ந்திருக்கும். வயல் வடிகாலும் மழையும் அங்கே சேர்ந்து, ஏதாவது ஒரு முகத்துவாரம் வழியாகத்தான் கடலுக்குப் போக முடியும். வட இந்தியப் பெருங்கடலின் மட்டம் 1993 முதல் 2017 வரை ஆண்டுக்குச் சராசரியாக 3.3 மில்லிமீட்டர் உயர்ந்திருக்கிறது. அற்பமாகத் தெரியும். ஆனால் அங்குலக் கணக்கில் சரிவுள்ள வடிகாலில் கடல் ஒரு விரல் உயர்ந்தாலும் தண்ணீர் வடிய இன்னும் நேரமாகும். இந்த நிலையில் கரைக்கு இணையாக, நிலத்தைவிட உயர்த்தி ஒரு சாலை போட்டால் அது அணைதான். சாலை வேண்டுமென்றால் ஊரிலிருந்து மேற்கே மேட்டு நிலத்துக்குப் போகும் சாலையைக் கேளுங்கள். புயல் எச்சரிக்கை வரும்போது ஜனங்கள் வெளியேற அதுதான் உதவும். அதிலும் பழைய வாய்க்கால் ஒவ்வொன்றும் கடக்கும் இடத்தில் அகலமான பாலம் எழுதி வாங்குங்கள். இல்லையென்றால் ஓர் அடி அகலக் குழாயை வைத்துவிட்டுப் போவார்கள், ஒரே மழையில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொள்ளும்.

சவுக்கு பற்றிப் பெரியவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. வேதாரண்யம் பக்கம் நாலுவேதபதியில் 2002-இல் ஒரே நாளில் 80,000-க்கு மேல் கன்று நட்டார்கள். சுனாமியின் வேகத்தை அந்தத் தோப்பு தணித்தது என்பார்கள். ஆனால் அதே பக்கம் 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரை கடந்தபோது சவுக்கும் தென்னையும் கூட்டம் கூட்டமாகச் சாய்ந்தன. பனைகள் பெரும்பாலும் நின்றன. நான் சொல்வது இது: சவுக்கு மேட்டுக்குப் பின்னால் காற்றுத் தடுப்பாக இருக்கட்டும், மேட்டின் மேல் வேண்டாம். அதன் சருகு மெத்தையில் மணலைப் பிடிக்கும் கொடிகள் வளர்வதில்லை. தண்ணீர்க் கோடு வரை நட்டால் ஆமை முட்டையிட இடம் போய்விடும். கடலைப் பார்த்த சரிவில் அடம்புக்கொடிதான். கணுவுள்ள துண்டுகளை ஐப்பசி மழை தொடங்கியதும் புதைத்தால் போதும், காசு செலவில்லை. உச்சியில் இராவணன் மீசைப் புல். பின்சரிவில் தாழை, அதற்கும் பின்னால் புன்னை, பூவரசு, பனை. ஒரே வயதில் ஒரே மரம் மட்டும் நட்டால் விழும்போதும் ஒன்றாகத்தான் விழும். முகத்துவாரத்தை ஒட்டிச் சேறும் உப்புநீர் வரத்தும் இருந்தால் அங்கே அலையாத்தி வரும். வெறும் மணல் கரையில் அதை நடுவது கன்றுக்குச் செய்யும் துரோகம்.

கல்லைப் பற்றி என் கருத்து கடுமையானது. உங்கள் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. வாடையில் திரும்பினாலும் மொத்தக் கணக்கு வடக்கு நோக்கித்தான். குறுக்கே தூண்டில் வளைவு, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் வரிசை, போட்டால் தெற்கே மணல் சேரும், வடக்கே அரிக்கும். சென்னைத் துறைமுகம் வந்தபின் மெரினா அகலமானதும் ராயபுரம் பக்கம் கரை போனதும் இப்படித்தான். 1980-களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகம் வந்தபின் நகரின் கடற்கரை மணல் போனது. அங்கே கல் சுவர் போட, அரிப்பு வடக்கே அடுத்தடுத்த குப்பங்களுக்கு நகர்ந்தது. உங்கள் கல் வடக்கிலுள்ள ஊரின் கரையை எடுக்கும், உங்களுக்குத் தெற்கே ஏற்கெனவே கல் இருந்தால் உங்கள் அரிப்புக்குக் காரணமே அதுவாக இருக்கலாம். மேட்டூர் அணை 1934-இல் வந்தபிறகு காவிரி கொண்டுவரும் வண்டலும் மணலும் குறைந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீடுகள் விழும் கட்டத்தில் கல் கேட்பதை நான் குறை சொல்ல மாட்டேன். உங்கள் நிலை அதுவல்ல, முன்னே மேடு இருக்கிறது. கேட்டே ஆக வேண்டிய நாள் வந்தாலும் பக்கத்து ஊர்ப் பஞ்சாயத்துகளோடு உட்கார்ந்து, அந்தக் கரை முழுவதற்குமான ஆய்வைக் கேளுங்கள்.

புது வீடுகள் பற்றிச் சுருக்கமாக: நேர்வரிசையில் அடுக்கினால் தெரு காற்றுக்குக் குழாயாகும், முன்பின்னாகத் தள்ளி வையுங்கள். நாலுபக்கச் சரிவுக் கூரை, அது சுவரோடு இரும்புப் பட்டையால் கட்டப்பட்டிருக்க வேண்டும். சுனாமிக்குப் பிந்தைய பல குடியிருப்புகளில் நடந்ததுபோல், மனை போட முதலில் மரங்களை வெட்ட விடாதீர்கள்.

தீர்மானத்தோடு ஒரு கைவரைபடமும் இணையுங்கள். மேடு, அதிலுள்ள வெட்டுகள், நல்ல கேணிகள், வாய்க்கால்கள், முகத்துவாரம், கரைவலை இழுக்கும் இடம், ஆமை ஏறும் இடம் எல்லாம் அதில் வரட்டும். நகலை மாவட்டக் கடற்கரை மண்டல மேலாண்மைக் குழுவுக்கும் வனத்துறைக்கும் அனுப்புங்கள். மேட்டின் பின்னால் மூன்று கல்தூண் ஊன்றி, மாதம் ஒருமுறை ஒரே நாளில் தூணிலிருந்து மேட்டின் கடல்புற விளிம்பு வரை நாடா பிடித்து அளந்து பதிவேட்டில் எழுத ஒருவரை நியமியுங்கள். கடல் உண்மையிலேயே உள்ளே வருகிறதா, வாடைக்குப் போய் கோடைக்குத் திரும்புகிறதா என்பது இரண்டு வருட அளவில் தெரிந்துவிடும். அதுவரை கல்லுக்கு மனு எழுத வேண்டாம்.