யார் பாமரர்?

அன்புள்ள ஐயா,

டெங்கு தடுப்பூசி இந்தியாவிலும் வரப்போகிறது என்கிறார்கள். என் மகளுக்குப் பத்து வயது. போடலாமா? பிலிப்பைன்ஸில் இந்த ஊசியால் பெரிய ரகளையே நடந்ததாகப் படித்தேன். அறியாமையால் பாமர மக்கள் அறிவியலைத் தோற்கடித்துவிட்டார்கள் என்று தோன்றியது. நம் ஊரிலும் அப்படி ஆகிவிடுமோ?

கவிதா, ஈரோடு

அன்புள்ள கவிதா,

மகளை நினைத்துக் கேட்கிறீர்கள், புரிகிறது. ஆனால் 'பாமர மக்கள்' என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்களே, அதைத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை. கொஞ்ச நாளாக என் மண்டைக்குள் ஓடுவதும் அதுதான்.

2016 ஏப்ரலில் பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவிலும் அதைச் சுற்றிய பகுதிகளிலும் பள்ளிக்கூடத்துக்கே வந்து ஊசி போட ஆரம்பித்தார்கள். சனோஃபி என்ற மருந்துக் கம்பெனியின் டெங்வாக்சியா என்ற டெங்கு ஊசி. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் போட்டுக்கொண்டார்கள், பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். பிள்ளையை நம்பி அனுப்பியது யார்? நீங்கள் பாமரர் என்கிற அதே அம்மாக்கள்தான்.

2017 நவம்பர் 29 அன்று கம்பெனியே சொன்னது: முன்பு டெங்கு வராதவருக்கு இந்த ஊசி போட்டால், பின்னால் வரும் டெங்கு கடுமையாகலாம். டெங்கு வைரஸில் நான்கு வகை. ஒரு வகைக்காக உடம்பு உண்டாக்கிய ஆன்டிபாடி (நோயை எதிர்க்கும் புரதம்), வேறு வகை வரும்போது அதை செல்லுக்குள் நுழையவிட்டு உதவவும் கூடும். டெங்குவே வராத உடம்புக்கு ஊசிதான் முதல் தொற்று மாதிரி. டெங்கு ஆராய்ச்சியாளர் ஸ்காட் ஹால்ஸ்டெட் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவந்த விஷயம் இது. அன்டோனியோ டான்ஸ், லியோனிலா டான்ஸ் என்ற மருத்துவத் தம்பதி 2016லேயே மணிலாவில் எச்சரித்தார்கள். யார் கேட்டார்கள்?

ஆபத்து மலையளவு ஒன்றும் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, முன்பு டெங்கு வராத 1,000 பேருக்குப் போட்டால் 5 ஆண்டுகளில் கூடுதலாக 5 பேர் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். முன்பே வந்த 1,000 பேரில் 15 பேர் போகாமல் தப்புவார்கள். கணக்கு பிறகு வந்தது, சரி. சந்தேகம் முதலிலேயே இருந்ததே? அதைச் சொன்னால் ஜனங்கள் மிரண்டுவிடுவார்கள் என்று நினைக்கிற மேதாவித்தனம் இருக்கிறதே, அதைத்தான் சொல்கிறேன்.

எங்கள் ஊருக்கு வரும் நர்ஸம்மா ஊசியை எடுக்கும் முன்பே சொல்லிவிடுவார்: "ராத்திரி காய்ச்சல் அடிக்கும், புள்ள அழும், பயப்படாத. நாளைக்கு வந்து பாக்குறேன்." சொன்னபடி மறுநாள் சைக்கிள் வந்து நிற்கும். என் அம்மாவுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கக்கூடத் தெரியாது. எங்களில் யாருக்கும் ஓர் ஊசிகூடத் தப்பியதில்லை.

பிலிப்பைன்ஸிலோ, தடுப்பூசி முக்கியம் என்று உறுதியாகச் சொன்னவர்கள் 2015இல் 93 சதவீதம், 2018இல் 32 என்றது ஓர் ஆய்வு. 2019இல் தட்டம்மையில் நூற்றுக்கணக்கில் சாவு. போலியோவும் திரும்பி வந்தது. தட்டம்மை ஊசி போடுவது முன்பிருந்தே குறைந்துவந்தது, உண்மைதான். ஆனால் டெங்கு ஊசி மேல் வந்த கோபம் அதன் தலையிலும் விழுந்தது. டெங்கு ஊசி போட்ட பிறகு செத்த பிள்ளைகளை வைத்து அரசியல் செய்தவர்களைப் பற்றிப் பேசினால் வாய் கெட்டுவிடும், விடுங்கள்.

உங்கள் கேள்வி? 2024 ஆகஸ்டில் ஹரியானாவின் ரோத்தக்கில் தொடங்கிய நம் நாட்டு டெங்கு ஊசியின் மூன்றாம் கட்டச் சோதனை பெரியவர்களுக்கானது. மகளுக்கு இப்போது அவசரமில்லை. பிள்ளைகளுக்கு என்று வரும்போது டாக்டரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: இதுவரை டெங்கு வராத பிள்ளைக்கு இது என்ன செய்யும்? அதற்கு அவர் கோபப்பட்டால் வேறு டாக்டரைப் பாருங்கள்.