அவுட்டோர் எஜுகேஷனில் முதுகலை படித்தால் வேலை கிடைக்குமா?

பொள்ளாச்சியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: பி.எஸ்சி. முடித்தாயிற்று, வார இறுதியில் பள்ளி கேம்ப்களுக்கு உதவிக்குப் போகிறீர்கள், வெளிநாட்டில் அவுட்டோர் எஜுகேஷனில், அதாவது காடு மலை எனத் திறந்தவெளியில் கற்பிக்கும் துறையில், முதுகலை படித்துவிட்டு இதையே தொழிலாக்க முடியுமா என்று. முடியுமுங்க. ஆனால் பட்டம் மூன்றாவது படி. முதல் இரண்டையும் தாண்டிக் குதித்து லோன் போட்டால் வட்டிதான் மிஞ்சும்.

முதல் படி, வில்டர்னஸ் ஃபர்ஸ்ட் ரெஸ்பாண்டர் என்ற முதலுதவிப் பயிற்சி. சுமார் 70–80 மணி நேரம். ஊருக்குள் முதலுதவி என்பது 108 வரும்வரை ஆளைப் பார்த்துக்கொள்வது. வால்பாறைக் காட்டில் ஒரு பையன் கணுக்காலை உடைத்துக்கொண்டால், முதலில் அவனை ரோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். பொள்ளாச்சிக்குப் போவதென்றால் ஆழியாறு வரை 40 கொண்டை ஊசி வளைவும் இறங்க வேண்டும். அந்த நேரம் முழுக்க அவன் உங்கள் பொறுப்பு. தூக்கிக்கொண்டு கிளம்புவதா, அங்கேயே உட்கார்ந்து உதவி கேட்டு வேறொருவரை அனுப்புவதா என்று முடிவெடுக்கத்தான் இந்தப் பயிற்சி. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

இரண்டாவது, பேசிக் மவுண்டனீரிங் கோர்ஸ், அதாவது அடிப்படை மலையேற்றப் பயிற்சி. உத்தரகாசி, டார்ஜீலிங், மணாலி மூன்றிலும் அரசு சார்ந்த நிறுவனங்கள் இருக்கின்றன; ஏறக்குறைய நான்கு வாரம். இடம் சீக்கிரம் நிரம்பிவிடும், பல மாதம் முன்பே பதிவு செய்யுங்கள். ‘ஏ’ கிரேடு வாங்கினால்தான் அட்வான்ஸ்டு கோர்ஸ். அதையும் நன்றாக முடித்தால்தான் மெத்தட் ஆஃப் இன்ஸ்ட்ரக்‌ஷன், அதாவது பயிற்றுநர் கோர்ஸ். நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் தடுக்கிவிழும் இடம் சுமை. வெறுங்கையோடு ஓடிப் பழகிவிட்டுப் போவார்கள், அங்கே 15 கிலோ ரக்சாக் முதுகில் ஏறியதும் மூச்சு வாங்கும். மூன்று மாதம் முன்பே, வாரம் மூன்று நாள் மருதமலைப் படிக்கட்டைச் சுமையோடு ஏறுங்கள். அரிசி மூட்டை வேண்டாம். முதுகுப்பையின் அடியில் போய் உட்கார்ந்து இடுப்பை இழுக்கும். இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில்களை துண்டில் சுற்றி முதுகை ஒட்டி அடுக்குங்கள், நான்கில் தொடங்கி, 15 கிலோ ஆகும்வரை வாரம் ஒன்று கூட்டுங்கள். மேலே போனதும் தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றிவிட்டுக் காலிப் பையோடு இறங்குங்கள். முழங்கால் கெடுவது இறக்கத்தில்தான். புது பூட்ஸையும் இதே மூன்று மாதத்தில் பழக்கிவிடுங்கள்.

கூடவே ஒரு லாக் புக், அதாவது மலைப் பயணங்களை எழுதிவைக்கும் நோட்டு. வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறியவர்கள் கோவையில் தெருவுக்குப் பத்துப் பேர். அது ஏறிய கணக்கு, கூட்டிப்போன கணக்கு ஆகாது. தேதி, வழி, எத்தனை நாள், எத்தனை பேர், என்ன வயது, நீங்கள் தலைமையா உதவியா, வானிலை, எது தப்பாகப் போனது என்று எல்லாம் எழுதுங்கள். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். “மதியம் 2 மணிக்கு மழை, ஓடை முழங்காலுக்கு ஏறியது, 40 நிமிடம் காத்திருந்துவிட்டு வந்த வழியே திரும்பினோம்” என்ற வரி, “இனிதே நிறைவுற்றது” என்ற பத்து வரிகளைவிட உங்களைப் பற்றி நிறையச் சொல்லும்.

இனி பட்டம். எடின்பரோ பல்கலைக்கழகம் போன்ற பிரிட்டன் இடங்களில் ஓராண்டு. அமெரிக்காவில் பெரும்பாலும் இரண்டு. சொல்லித்தருவது கயிறு கட்டுவதை அல்ல: அனுபவம் எப்படிப் பாடமாகிறது, ஆபத்தை எப்படிக் கணிப்பது, திட்டம் எப்படி வகுப்பது, ஆய்வு எப்படிச் செய்வது. பள்ளியில் இந்தப் பிரிவையே நடத்தவோ, கல்லூரியில் கற்பிக்கவோ நினைப்பவருக்குப் பணம் வீணாகாது. களப் பயிற்றுநர் வேலை மட்டும் போதுமென்றால் தேவையில்லை. பிரிட்டனில் மலைக்குக் குழுவைக் கூட்டிப்போக ஆள் எடுப்பவர்கள் முதலில் கேட்பது மவுண்டன் லீடர் தகுதியை. அதன் பயிற்சிக்கு முன் 20, தேர்வுக்கு முன் 40 தரமான மலையேற்ற நாட்கள் லாக் புக்கில் வேண்டும், அதுவும் பெரும்பாலும் அந்த நாட்டு மலைகளில். ஓராண்டுப் படிப்புக்குள் இது தானாக நடக்காது. சேர்ந்த முதல் மாதமே வார இறுதிகளை ஒதுக்குங்கள். அமெரிக்காவில் கிராஜுவேட் அசிஸ்டன்ட்ஷிப், அதாவது படித்துக்கொண்டே பல்கலைக்கழகத்தில் உதவியாளர் வேலை, கிடைத்தால் கட்டணம் குறையும், வாரம் 20 மணி நேரம் வரை வேலை இருக்கும். நம் மூன்றாண்டு பி.எஸ்சி.யைச் சில இடங்கள் முழு இளங்கலையாக ஏற்பதில்லை, விண்ணப்பக் கட்டணம் கட்டுமுன் கேட்டுவிடுங்கள்.

இங்கேயே இருப்பதென்றால் பி.பி.எட்., எம்.பி.எட். என்ற உடற்கல்விப் பட்டங்களை முடித்து, மேலே சொன்ன முதலுதவி, மலையேற்றப் பயிற்சி இரண்டையும் சேர்த்துக்கொண்டவரைப் பள்ளிகள் சுலபமாக எடுக்கும். காடுதான் பிடிக்குமென்றால் மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி, ஆனைகட்டி சலீம் அலி மையம் பக்கம் பாருங்கள்.

ஒன்றைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்: இது சீசன் வேலை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஆனைமலையில் மழையும் அட்டையும். கோடை தொடங்கினால் காட்டுத்தீ பயம். 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போன 23 பேர் தீயில் இறந்தபின் அனுமதி விதிகள் இறுகிவிட்டன. அனுமதிச் சீட்டைக் காட்டாமல் “நாங்க பார்த்துக்கறோம்” என்னும் நிறுவனத்தோடு போகாதீர்கள். சேருமுன் சம்பளம் மாதக் கணக்கா நாள் கணக்கா, விபத்துக் காப்பீடு உங்கள் பெயரில் உண்டா என்று கேளுங்கள். நாள் கணக்கென்றால், மழையால் கேம்ப் ரத்தாகும் நாளுக்குக் கூலி உண்டா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.